இருமுறை இறந்த தூதன் விடுக்கும் ஓலை

மலை தன் நிலையில் நிற்க. மழை தன் பருவத்தில் பெய்க. ஏழு குன்றும் ஒரு குடைக்கீழ் இனிது வாழ்க. வேரல்நாட்டுக்கு உரியவரும், மூங்கிற்கொடி உயர்த்தவரும், விடுத்த கட்டளையை மீட்டறியாதவருமாகிய கோ மலையரணர் திருமுன், பொழில்நாட்டுத் தலைநகராம் நறும்பொழிலில் தேவரீரால் நிறுத்தப்பெற்ற தூதுநாயகம் ஆதன் வெண்கோடன் அடிபணிந்து விடுக்கும் ஓலை.

அடியேன் உயிருடன் இருக்கிறேன்.

தூதோலையை இவ்வாறு தொடங்குதல் மரபன்று. திருமேனி நலம் முதலிலும், அரண்மனையார் நலம் அடுத்தும் வினவி, அதன் பின்னரே செய்தி புகுதல் முறை. ஆயினும் பொழில்நாட்டார் அடியேனைக் கொன்றுவிட்டதாக ஓர் ஓலை ஆற்றுவழியே தேவரீரை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. இவ்வோலைக்கு முன்னரே அது திருமுன் சேர்ந்திருத்தலும் கூடும். கருவேணியாற்றின் மேல்கரையில் நம் படை பாடிவீடு கொண்டிருப்பதையும், தேவரீர் ஒரு சொல் சொன்னால் அது இக்கரையில் இருக்கும் என்பதையும் அறிவேன். ஆகவே முறையைப் பின்வைத்து, உயிரை முன்வைத்தேன். பொறுத்தருள்க.

நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே உரைக்கிறேன்.

பொழில்நாட்டின் பெருமை யாதென்று நம் அவையில் எவரை வினவினாலும், நறும்பொழில் ஓதுசாலையின் வினாமண்டபம் என்பர். வெளியூர்ச் செய்தியோ, அரண்மனை ஆணையோ, வணிகர் கொணர்ந்த வதந்தியோ, எவ்வோலையாயினும் அம்மண்டபத்தில் மாணவர் முன் படிக்கப்பெறுதல் வேண்டும். எழுதியவர் யார், கண்டவர் யார், இதனால் பயன் கொள்வார் யார் என்று மாணவர் எழுந்து கேட்பர். விடை நிறைவாயின் ஓலை தூணில் கட்டப்பெறும். குறைவாயின் அடுப்புக்குச் செல்லும். தூணேறிய செய்தியையே மாணவர் மாலையில் ஊர்தோறும் சென்று உரைப்பர். மக்களும் அதனையே கொள்வர். இவ்வழக்கத்தைத் தோற்றுவித்த முன்னோரை எண்ணி, இந்நாட்டுக்கு வந்த நாள்தொட்டு அடியேன் வியந்திருக்கிறேன். அவ்வியப்பு இன்றும் குறையவில்லை. அதன் இடம் மட்டும் மாறியிருக்கிறது.

ஒரு காலை, அயல்நாட்டார்க்கென இடப்பெற்ற என் வழக்கமான இருக்கையில் அமர்ந்திருந்தேன். ஓர் ஓலை படிக்கப்பெற்றது. வேரல்நாட்டுத் தூதன் கோட்டை மதகின் அளவை களவாகக் குறித்துக்கொண்டு முந்தைய இரவு ஓடிப்போனான் என்றும், நட்டாற்றில் ஓடம் கவிழ்ந்து மாண்டான் என்றும் அது கூறிற்று. நடையில் பிழையில்லை, பொருளில் மட்டும் அடியேன் இல்லை.

வினாக்கள் எழும், பொய் வீழும் என்று அமைதியாகவே இருந்தேன். மாணவர் எழுந்தனர். வினவவில்லை, பாடினர். எழுதியவர் யார் என்று ஒருபால் எடுக்க, எழுதவல்லார் எழுதினார் என்று மறுபால் முடித்தது. கண்டவர் யார் என்று ஒருபால் எடுக்க, கண்ணுடையார் கண்டார் என்று மறுபால் முடித்தது. பயன் கொள்வார் யார் என்றதற்கு, பாரெல்லாம் பயன் கொள்ளும் என்று இருபாலும் சேர்ந்து முடித்தன. அறுநூறு இளங்குரல்கள் ஒரு குரலாய் எழுந்தபோது தூண்கள் அதிர்ந்தன. விதானத்துப் புறாக்கள் ஒருங்கே பறந்தன. அத்துணை அழகிய ஒலியை வாழ்நாளில் கேட்டறியேன். மெய்சிலிர்த்துப் போயிற்று. என் சாவு மெய்ப்பிக்கப்பட்டதை அச்சிலிர்ப்பு அடங்கிய பின்னரே உணர்ந்தேன்.

எழுந்து நின்று, அவ்வோலை குறித்த தூதன் யானே என்றேன். சாத்தங்குமரன் என்பான், வினாப்பாட்டுக்குத் தலைவன், மிக்க பணிவுடன் கைகூப்பினான். தூதர் போய்விட்டார் என்பது தூணேறிவிட்டது ஐயா, தாங்கள் வேறெவரோ ஆதல் வேண்டும், போனவர் இருக்கையில் வந்தவரெல்லாம் அமரலாகாது, அருள்கூர்ந்து எழுந்தருளுக என்று வேண்டினான். முகம் அவரைப் போலவே இருக்கிறதே என்று பின்வரிசையில் ஒருவன் ஐயுற்றான். வேடமிட்டு வருபவன் வேறு யாரைப் போல இருப்பான் என்று அவனை அடக்கினர். நீரில் மாண்டவருக்கு மேலாடை நனையாதது எங்ஙனம் என்று யான் கேட்டதற்கு, நேற்று நனைந்தது இன்று உலராதா பெரியவரே என்று ஒரு பெண் சிரித்தாள். அம்மறுமொழி ஒருவாறு தருக்கமுடையது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இருக்கையை விட்டேன்.

மாலைக்குள் ஊர்தோறும் செய்தி பரவிற்று. காட்டுத்தீயும் காற்றை நோக்கி நிற்கும்; இது எதனையும் நோக்கி நிற்கவில்லை. உப்புத்தெருவில் குடியிருக்கும் நம் நாட்டு வணிகர், களவாளியின் உறவினர் என்று ஏசப்பெற்றுக் கதவடைத்தனர். அவர்களுள் முதியவராகிய காரிக்கண்ணனார் வீட்டுக்கு யான் சென்றேன். அவர் கதவிடுக்கு வழியே நோக்கி, தாங்கள் உயிரோடிருப்பது மகிழ்ச்சியே, ஆயினும் ஊரார் காண இங்கு நில்லாதீர்கள், பிணத்தோடு பேசுகிறான் என்று என்னையும் சேர்த்து ஏசுவர் என்றார்.

மறுநாள் இரண்டாம் ஓலை வந்தது. வேரல்நாட்டுத் தூதன் அரண்மனைக்குள் வாளால் வெட்டுண்டு மாண்டான் என்றது அது. ஆற்றில் மாண்டவன் அரண்மனையில் எங்ஙனம் மாண்டான் என்று ஒருவர் கேட்பார் என நினைத்தேன். அறுநூற்றுவரும் எழுந்து பாடினர், கண்ணுடையார் கண்டார். முதலோலையின் பக்கத்திலேயே இரண்டாம் ஓலையும் கட்டப்பெற்றது. தேவரீரை நோக்கி வருவது இதனைப் பார்த்தெழுதிய படியே.

இவ்வோலைகளை எழுதியவர் யாரென்று அறியேன். சிலர் மேல் ஐயமுண்டு. ஆயினும் கண்டிலேனாதலின் பெயர் கூறேன்.

சாலைத் தலைவர் மதிசூடியாரைச் சென்று கண்டேன். அவர் நல்லவர். பாட்டில் ஒரு நெடிலும் குறுகாமல், ஒரு சீரும் தளராமல் மாணவர் வினவும் திறத்தைக் கேட்டீரா என்று என்னையே வினவினார். விடைகள் பாட்டுக்குள் எப்போது புகுந்தன என்று கேட்டேன். முற்காலத்தில் வினாக்கள் நெடுநேரம் நீண்டு பூசல் விளைந்ததென்றும், விடை அறியாது நின்ற மாணவர் மனம் நொந்து உணவு மறுத்தனர் என்றும், பெற்றோர் வந்து முறையிட்டனர் என்றும், ஆதலின் அவர்க்கு முன்னிருந்த தலைவர் இரக்கம் மிகுந்து விடைகளையும் யாத்து வினாக்களோடு சேர்த்தருளினார் என்றும் உரைத்தார். தேவரீர், இதில் கொடியவர் ஒருவரும் இலர். இரக்கத்தால் ஒரு நாட்டின் கண்ணைக் கட்டலாகும் என்பதை அன்றே அறிந்தேன்.

பொழில்நாட்டு வேந்தர் தென்கடற்கரையில் இருக்கின்றார். அவர்க்காக அரண்மனை காக்கும் அமைச்சர் என்னை நேரில் கண்டு, தொட்டும் பார்த்து, தூதன் நலமுடன் உள்ளான் என்று அரச இலச்சினையுடன் ஓலை விடுத்தார். இனித் துன்பம் தீர்ந்தது என்று மண்டபத்தின் ஓரத்தில் நின்றேன். இருக்கை இன்னும் எனக்கு மீளவில்லை. அவ்வோலையும் படிக்கப்பெற்றது. எழுதவல்லார் எழுதினார், கண்ணுடையார் கண்டார், பாரெல்லாம் பயன் கொள்ளும். அதே பாட்டு, அதே இனிமை. கட்டுவோன் கயிற்றை எடுத்துக்கொண்டு தூணை நோக்கி நடந்தான். தூதன் ஆற்றில் மாண்டான், அரண்மனையில் மாண்டான், நலமுடன் உள்ளான் என்னும் மூன்றும் ஒரே தூணில் ஒரே உறுதியுடன் தொங்கவிருந்தன. பொய்க்கு இசைந்த பாட்டு மெய்க்கும் இசைந்தபோது, மெய்க்கென்று ஒரு வலிமையும் எஞ்சவில்லை. அத்தூணின் முன் அடியேனுக்கு நேர்ந்த நடுக்கம், பேரருவியின் விளிம்பில் நின்றோர்க்கு நேர்வது.

அப்போது ஒருத்தி எழுந்தாள். நப்பூதி என்பது பெயர். ஓடத்துறைக்கு அப்பாலுள்ள சிற்றூரினள். முன்னாள் என் மேலாடை உலர்ந்ததைக் கூறிச் சிரித்தவள் அவளே. இசையின்றி, தாளமின்றி, மோர் விலை கேட்பாள் போல, கண்டவர் யார் என்றாள்.

கண்ணுடையார் கண்டார் என்று மறுபால் தொடங்கிற்று. அவர் பெயர் என்ன என்றாள். மறுபால் நின்றது. பாட்டில் அதற்குமேல் அடி இல்லை.

யானே சான்று என்று முன்வந்தேன். அவள் என்னை மேலும் கீழும் நோக்கி, தாம் உயிரோடிருப்பதில் தமக்கு மிகுந்த பயனுண்டு ஐயா, ஆதலின் தம் சொல் தனித்து நில்லாது, வேறு யார் உளர் என்றாள். தேவரீர், என்னைக் காக்க வந்த மெய்யோலையை அவள் மறித்தாள். எனினும் அக்கணத்தில் அவளை வணங்கத் தோன்றிற்று. இரு பொய்களும் தடையின்றிக் கடந்த வாயிலில், மெய்யே முதன்முதலாக நிறுத்தி வினவப்பெற்றது. வினவப்பெற்றதாலேயே அது மெய்யாகும் தகுதி பெற்றது.

அடியேன் தங்கியுள்ள விருந்துமனையின் மடைப்பள்ளித் தலைவி அழைக்கப்பெற்றாள். இவரா, கஞ்சியில் உப்பு ஒரு கல் கூடிற்று என்று நாள்தோறும் திருப்பியனுப்புகிறவர் இவர்தாம், இன்று காலையும் அனுப்பினார், செத்தவர் இப்படிப் படுத்துவாரா அம்மா என்று அவள் அழாக்குறையாக முறையிட்டாள். மண்டபம் சிரித்தது. நப்பூதி சிரிக்கவில்லை. முகத்தைக் கண்டாயா, கலத்தை மட்டும் கண்டாயா என்றாள். கலத்தைத்தான் என்றாள் மடைத்தலைவி. நப்பூதி சற்றே எண்ணி, இவர் தூதராதல் கூடும், கட்டிய இரண்டையும் அவிழ்த்திடுக, ஓடக்காரரையும் கேட்டறியும்வரை மூன்றோலைகளையும் தூணிலும் கட்டவேண்டா, அடுப்பிலும் இடவேண்டா என்றாள்.

சாத்தங்குமரன் சினந்தான். அங்ஙனமாயின் இன்று மாலை ஊராரிடம் யாது கூறுவோம், வாயைப் பொத்திக்கொண்டு நிற்போமோ என்றான். இன்னும் தெரியவில்லை என்று கூறு, அதற்கும் வாய் வேண்டுமல்லவா என்றாள் அவள்.

அறுநூற்றுவரும் வாளாவிருந்தனர். முன்னே அவர்தம் பாட்டு என்னைச் சிலிர்க்கச் செய்தது என்றேன். அம்மௌனத்தின் முன் அப்பாட்டு சிறிதாயிற்று. ஒவ்வொரு முகமும் தனித்தனி முகமாயிற்று. சிலர் அஞ்சினர், சிலர் நாணினர், ஒருவன் தன் விரல்களை எண்ணி ஏதோ கணக்கிட்டான், ஆற்றில் மாண்டவன் அரண்மனைக்கு வந்த வழியை ஒருகால் தேடினான் போலும். கருவில் உயிர் அசைவதைக் கண்ணால் காண இயலுமாயின் அது இங்ஙனமே இருக்கும் என்று எண்ணினேன்.

எல்லாரும் திருந்தினர் என்று எழுதினால் அது பொய்யாகும். பழம்பாட்டே இனிது என்று பலர் முணுமுணுத்துச் சென்றனர். தெரியவில்லை என்று ஊரில் உரைத்தவர் எத்துணையர் என அறியேன். சாத்தங்குமரன் ஒருவனைக் கண்டேன்; உப்புத்தெரு முனையில் நின்று, நேற்று யாம் கூறியது உறுதியன்று என்று, பாடிப் பழகிய நா குழற உரைத்துக்கொண்டிருந்தான். அவனைச் சிலர் எள்ளினர். காரிக்கண்ணனார் கதவைப் பாதி திறந்தார்.

ஓடக்காரர், வெள்ளம் மிகுந்தமையால் அவ்விரவு ஓடமே விடவில்லை என்றனர். முதலோலை அடுப்புக்குச் சென்றது. மற்றவை இன்னும் தூணுக்கும் அடுப்புக்கும் இடையே உள்ளன.

இனி அடியேனின் விண்ணப்பம்.

படை ஆற்றைக் கடத்தலாகாது. என் சாவுக்குப் பழிவாங்கப் படை வருமாயின், முதலில் மடிவோர் உப்புத்தெருவின் நம் மக்களும், இன்னும் தெரியவில்லை என்று நேற்றுத்தான் சொல்லக் கற்ற இவ்விளையோருமே. அதன்பின் இந்நாட்டில் வினா எழாது. நம் நாட்டிலும் எழுமென்று கூற அஞ்சுகிறேன்.

ஆயின் இவ்வோலையைத் தேவரீர் எதனால் நம்புவது? கையெழுத்தைப் பிறர் பழகலாம். இலச்சினையைப் பிறர் செதுக்கலாம். ஆதலின், அடியேனை நம்புக என்று கேளேன். கண்டறிக என்றே வேண்டுகிறேன். நம் அவைக்களத்துப் பெருங்கணி நன்னாகனாரை இங்கு அனுப்பியருள்க. அடியேனின் எவ்வுரையையும் அவர் இதுவரை ஒப்பியதில்லை. அடியேன் மாண்டால் தூதுநாயகப் பதவி அவர் மைந்தர்க்கு உரியது. அன்பர் எவரேனும் வந்தால், உயிரோடிருப்பதாகக் காண விரும்பியே காண்பர். நன்னாகனார் அங்ஙனம் காணார். அவர் வந்து, அடியேன் இருப்பதைக் கண்டு வருந்தி, அவ்வருத்தத்தைத் திருமுன் தம் வாயால் உரைக்கும்வரை நம் வீரர் மேல்கரையிலேயே நிற்க.

இவ்வோலை கொணர்வாள் நப்பூதியே. வேறெவரையும் அனுப்ப அவள் உடன்படவில்லை. தூதன் உயிரோடு உள்ளானா என்று தேவரீர் வினவுவீர். ஆம் என்று அவள் கூறாள். தம்மைத் தூதன் என்று கூறிக்கொள்ளும் ஒருவர் யான் புறப்படுங்கால் உயிரோடிருந்தார் என்றே கூறுவாள். அரசன் முன் இங்ஙனம் உரைப்பது துடுக்கென்று அவையோர் வெகுள்வர். அவளுக்கு ஒரு தீங்கும் நேராமல் காத்தருள்க. அடியேனைப் பற்றி இந்நாட்டில் தூணேறிய சொல் அனைத்தினும் உறுதியான சொல் அதுவே.

கருவேணி வெள்ளம் வடியும் நாளில், நறும்பொழில் விருந்துமனையில் எழுதப்பெற்றது. இதன்கண் இட்ட இலச்சினை என்னுடையது. அது மெய்யோ என்பதை, வந்து கண்டு அறிக.