லேபிள் வெட்டாத பன்னிரண்டு சட்டைகள்

நேற்று மத்தியானம் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. பிரித்ததும் அந்தப் பாலிபேக் வாசம் குப்பென்று மூக்கில் ஏறியது. உள்ளே, நம் சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையர் அளவு பார்க்க அனுப்பிய எட்டுச் சட்டைகள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், டாக்காவில் தைத்தவை. கத்தரியை எடுத்து எட்டு லேபிளையும் வெட்டினேன். வெட்டிய வேகத்தில் ஒரு சட்டையின் கழுத்தே கிழிந்துபோனது. மெர்ச்சண்டைசர் பெண் பார்த்துவிட்டு, "அண்ணா, இன்னும் அளவே எடுக்கலீங்களே" என்றாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்.

நீ செத்து ஒன்பது மாசம் ஆகிறது. காலமானார், இயற்கை எய்தினார் என்றெல்லாம் போஸ்டரில் போட்டிருந்தார்கள். அதைக் கிழித்து எறியலாமா என்று வந்தது எனக்கு. என்ன இயற்கை? ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, நம் யூனிட்டுக்குப் பின்னால், நம்மைத் தெரிந்த ஆட்களே உன்னை அடித்துக் கொன்றார்கள். இரும்பு பைப்பால் அடித்தார்கள். போஸ்டர் ஒட்டினவர்களிலும் இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள்தான்.

டாக்காவில் எட்டு வருஷம் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்துவிட்டு நீ திரும்பி வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் பத்து சென்ட் இடம்கூட வாங்காமல் வங்காள மொழியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான் என்று. நாம் இரண்டு பேரும் சேர்ந்து திருப்பூரிலிருந்து அவிநாசிபாளையம் போகிற ரோட்டில் யூனிட் போட்டோம். எனக்கு வாய் அதிகம், உனக்குப் பொறுமை அதிகம். அப்படித்தான் வண்டி ஓடியது.

நீ கூட்டிய அந்த நாலு நாட்டுக் கூட்டத்தை நினைத்துப் பார். அண்டை நாட்டுத் தலைவர்கள் கூடிப் பேசவென்று ஒரு கூட்டமைப்பு பேருக்கு இருக்கிறது, அது கூடியே வருஷக்கணக்காகிவிட்டது என்று நீ ஓயாமல் புலம்புவாய். ஒருநாள் திடீரென்று, "அவங்க கூடாட்டிப் போறாங்க, நாம கூடலாம்டா" என்றாய். டாக்கா, கொழும்பு, காத்மாண்டு மூன்று ஊரிலிருந்தும் பனியன் ஃபாக்டரிக்காரர்களை வரவழைத்தாய். "உனக்கென்ன பெரிய வெளியுறவு மந்திரின்னு நெனப்பா?" என்று கேலி செய்தேன். அன்றிலிருந்து யூனிட்டில் உனக்குத் தூதர் என்று பெயர் விழுந்தது. கட்டிங் டேபிள் ஆட்கள், "தூதர் வர்றாருங்க, வேலையப் பாருங்க" என்பார்கள்.

முதல் நாளே கைகலப்பு. எங்கள் ஊர் பற்றி எரிந்தபோது எங்கள் ஆர்டரையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது நீங்கள்தானே என்று கொழும்புக்காரர் கேட்டார். டாக்கா ஹாசன் பாய் பதிலுக்கு ஏதோ சொல்ல, கொழும்புக்காரர் எழுந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். கண்ணாடி ஜாடி உருண்டு உடைந்தது. நீ நடுவில் புகுந்தாய். யாருடைய மோதிரமோ பட்டு உன் புருவம் கிழிந்தது. ரத்தம் மூக்கு மேல் வழிய வழிய, இரண்டு பேர் கையையும் பிடித்து உட்காரவைத்தாய். "ரத்தம் வந்தாச்சு. இனிப் பேசலாமுங்களா?" என்றாய். புருவத்தில் தையல் போடும்போது என்னிடம் சொன்னாய்: "கை குடுத்து போட்டோ எடுக்கறது பெரிசில்லடா. ஓங்குன கையைப் புடிச்சு உக்கார வெக்கோணும். அதுதான் வேலை."

மூன்றாம் நாள் ஒரே ஒரு தாள் தயாரானது. எந்த நாட்டில் கலவரமோ வெள்ளமோ வந்து ஃபாக்டரி மூடினாலும், அந்த ஆர்டரை மற்ற மூன்று நாட்டுக்காரர்களும் நாற்பத்தைந்து நாள் தொடக்கூடாது. அவ்வளவுதான். நம் யூனிட் சார்பில் நீயும் நானும் கையெழுத்துப் போட்டோம். இதெல்லாம் எங்கே நிற்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் நான் போட்டேன். அடுத்த வருஷம் நம் குடோனில் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. பையர் நம்மை விட்டுவிட்டு ஹாசன் பாயிடம் ஓடினார். மனிதர் நம் ஆர்டரைத் தொடவில்லை. நாற்பது நாள் காத்திருந்தார்.

அப்புறம் டாக்கா பற்றி எரிந்தது. தெருவெல்லாம் துப்பாக்கிச் சத்தம், அரசாங்கமே கவிழ்ந்தது, ஹாசன் பாய் ஃபாக்டரிக்குப் பூட்டு. இருபதாம் நாள் பையர் எனக்குப் போன் செய்தார். நீ குன்னத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுச் சீரில் இருந்தாய். நான் உன்னைக் கேட்கவே இல்லை. சரி, அந்த ஆர்டரை நாங்களே தைக்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அளவு பார்ப்பதற்கு டாக்காவில் தைத்த பன்னிரண்டு சட்டைகள் வந்தன. நீ திரும்பி வந்து அந்தச் சட்டைகளைப் பார்த்தாய். கட்டிங் டேபிள் ஆட்கள் எல்லோரும் பார்க்க என் கன்னத்தில் அறைந்தாய். "அவன் ஊடு எரியறப்ப அந்த நெருப்புல குளிர் காயறயாடா?" என்றாய். காது ஒரு வாரம் ரீங்காரமிட்டது. அன்று உன்னைக் கொன்றுவிடலாம் போல எனக்கு ஆத்திரம். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் நிஜம் அதுதான்.

அந்தப் பன்னிரண்டு சட்டைகளுக்கு வருகிறேன். வேலை முடிந்த சாம்பிளை யாருக்காவது கொடுப்பதென்றால் கழுத்து லேபிளை வெட்டிவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். இந்த ஊரில் செக்கிங் பெண்ணுக்குக்கூடத் தெரிந்த வழக்கம் அது. நீ அதில் படு கறார். நான் அந்தப் பன்னிரண்டையும் அப்படியே பெருநாளுக்கு ரஃபிகுலிடம் கொடுத்தேன். ரஃபிகுல் நம் ஓவர்லாக் டெய்லர், மேற்கு வங்காளத்து மால்டா பக்கத்துப் பையன், அவர்கள் பேச்சில் அண்ணன் என்று அர்த்தம் வர உன்னை "தாதா, தாதா" என்று சுற்றி வருவான். அவனும் ஊர்க்காரர்கள் பத்துப் பேரும் யூனிட்டுக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்தார்கள். லேபிள் வெட்டவில்லையே என்று செக்கிங் பெண் கேட்டாள். "கழுத்துக்குள்ள இருக்கறதை எவன் பாக்கப்போறான்?" என்றேன்.

பிறகு இந்தியா, பங்களாதேஷ் இரண்டு நாடுகளுக்கும் பேச்சே நின்றுபோனது. தரைவழியில் சரக்கு வரக்கூடாது என்றார்கள், விசா இல்லை என்றார்கள். தினமும் டிவியில் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டார்கள். "மேல ரெண்டு பேரு பேசாம இருந்தா, கீழ அடி விழுகுமுடா" என்று நீ சொன்னாய். லைன் வீடுகளில் ஊடுருவல்காரர்கள் இருக்கிறார்கள் என்று நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோக்கள் சுற்ற ஆரம்பித்தன. அதில் ஒன்றை நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன். உனக்கு அது தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவிநாசியில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். நீ போன் செய்தாய். "லைன் ஊட்டுக்கு முன்னால அம்பது பேரு தடியோட நிக்கறாங்களாமா. ரஃபிகுல் கூப்பிட்டான். நான் போறேன், நீயும் வா."

"போலீஸுக்குச் சொல்லீட்டு இரு. நான் சாப்பிட்டுப்போட்டு வந்தர்றேன்" என்றேன்.

சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றேன். பாயசம் வரைக்கும் சாப்பிட்டேன்.

மற்றதை வீடியோவில்தான் பார்த்தேன். ஒருத்தன் சாவகாசமாக நின்று எடுத்திருக்கிறான். நீ ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறாய். பதினோரு பேருடைய ஆதார் கார்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கிறாய். "மால்டா, மேற்கு வங்காளம். நம்ம நாடுதானுங்க. அடுத்தது." ஆறு, ஏழு வரைக்கும் படித்தாய். கூட்டம் தணிந்துகொண்டிருந்தது. ஒருத்தன் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு பீடி பற்றவைத்தான். இன்னும் நாலு கார்டு. நாலே நாலு.

அப்போதுதான் ஒருத்தன் அறைக்குள்ளிருந்து சட்டைகளை அள்ளிக்கொண்டு வந்தான். கழுத்தைத் திருப்பி, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான். "மேட் இன் பங்களாதேஷ்." அடுத்த சட்டை. அதுவும் அதேதான். பன்னிரண்டையும் படித்தான்.

நீ எழுந்தாய். "ஏனுங்க, நீங்களும் பனியன் கம்பெனி ஆளுகதானுங்க. இது பையர் அனுப்புன சாம்பிளுங்க. உங்களுக்குத் தெரியாததுங்களா?" என்றாய். திருப்பூரில் அது தெரியாதவன் யார்? அந்தக் கூட்டத்தில் டெய்லர் இருந்தான், அயர்ன் மாஸ்டர் இருந்தான், லேபிள் அடிக்கிறவனே ஒருத்தன் இருந்தான். ஒரு பயல் வாயைத் திறக்கவில்லை.

"யாரு குடுத்தது?" என்று கேட்டார்கள்.

நீ என் பெயரைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்காகக் காத்திருந்திருப்பார்கள், கொஞ்ச நேரம் கிடைத்திருக்கும், போலீஸ் வந்திருக்கும். "நான்தானுங்க குடுத்தேன்" என்றாய்.

"அப்ப நீயும் அவனுக ஆளுதான்" என்று எவனோ சொன்னான். முதல் அடி உன் காதோரம் விழுந்தது. கீழே விழுந்தும் எழுந்து, ரஃபிகுலை இழுத்தவன் கையைப் பிடித்தாய். அதே பழக்கம். அந்தக் கையை முறித்தார்கள். நீ ரஃபிகுல் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாய். அதன் பிறகு பைப் உன் மண்டையில் இறங்கிய சத்தம் தேங்காய் உடைப்பது போல இருந்தது. வீடியோ எடுத்தவன் அதற்கப்புறமும் நிறுத்தவில்லை.

நான் வந்து சேர்ந்தபோது கூட்டம் கலைந்துவிட்டது. யாரோ அடுப்பில் வைத்த கோழிக் குழம்பு தீய்ந்துகொண்டிருந்தது. சுவரெல்லாம் ரத்தம். உன் இடது கண் இருந்த இடத்தில் கண் இல்லை. உன் பல் ஒன்று என் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆம்புலன்சில் கோயமுத்தூர் போகும்போது, தெக்கலூர் தாண்டி, உனக்கு ஒரு தரம் நினைவு வந்தது. "நாலு பேரு கார்டு இன்னும் படிக்கல" என்றாய். லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

நீ படிக்காத நாலில் ஒன்று ரஃபிகுலின் கார்டு. அது அந்த அமளியில் காணாமல் போனது. போலீஸ் பன்னிரண்டு சட்டைகளையும் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு, தலையில் கட்டோடு அவனையும் அழைத்துப் போனது. அந்த நாட்டுச் சட்டை, கையில் கார்டு இல்லை, அப்புறம் என்ன? நான் போய், "அந்தச் சட்டைக நான் குடுத்ததுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சாம்பிள் வெளியே போனது தெரிந்தால் பையர் ஆர்டரை நிறுத்திவிடுவார் என்று யோசித்தேன். அந்தப் பைப் நாளைக்கு என் மண்டைக்கும் வரும் என்று யோசித்தேன். இப்படியே பதினோரு நாள் போனது.

பதினோராம் நாள் உன் கருமாதி. பந்தலில் உன் சித்தப்பா மகன், "அவனே சட்டையக் குடுத்து அவனே மாட்டிக்கிட்டான். படிச்ச பய இப்பிடிப் பண்ணிப்போட்டானே" என்றான். நாலு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்துவிட்டேன். "குடுத்தது நானுடா. லேபிள் வெட்டாமக் குடுத்தவன் நானு" என்று கத்தினேன். உன் கோகிலா உள்ளேயிருந்து வந்தாள். என்னை அறைவாள் என்று நின்றேன்.

"எங்கூட்டுக்காரரப் பத்தி அப்பறம் பேசிக்கலாமுங்ணா" என்றாள். "அந்த ரஃபிகுல் எங்கீங்க? இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அவனை உட்டிருப்பாங்கதானுங்க?"

அந்த வேஷ்டியோடு ஸ்டேஷனுக்கு ஓடினேன். முந்தின நாளே அவனை ரயிலேற்றிவிட்டார்களாம். எல்லைக்குக் கொண்டுபோய், முள்வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். இந்த நாட்டில் பிறந்து, இந்த நாட்டில் ஓட்டுப் போட்ட பையனை. மூன்றாம் நாள் அவனே யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டான். வயல்காட்டில் கிடக்கிறானாம், அந்தப் பக்கத்துக்காரர்களும் நீ எங்கள் ஆள் இல்லை என்று அடித்தார்களாம். "தாதா இருக்காரா?" என்று கேட்டான்.

டாக்காவில் எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருத்தர்தான். எவருடைய ஆர்டரைத் திருடினேனோ அவருக்கே போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், சட்டைகளையும் சேர்த்து. ஹாசன் பாய் கடைசி வரை கேட்டார். பிறகு இந்தியில் சொன்னார்: "உங்க ஊர்த் தாளில் ரெண்டு கையெழுத்து இருந்தது. ஒண்ணு இன்னும் செல்லும்." அன்று சாயங்காலமே வண்டி அனுப்பி ரஃபிகுலை எடுத்துக்கொண்டார். இப்போது அவன் அவர் வீட்டில்தான் இருக்கிறான். திரும்பி வருவதற்கு இந்த நாட்டு அதிகாரி ஒருத்தர் எழுதவேண்டும், அந்த நாட்டு அதிகாரி ஒருத்தர் ஒத்துக்கொள்ளவேண்டும். இரண்டு நாடும் முகம் கொடுத்துப் பேசாதபோது அந்தக் காகிதம் மேசையிலேயே கிடக்கிறது. நீ இருந்திருந்தால் இரண்டு பேர் கையையும் பிடித்து உட்காரவைத்திருப்பாய். எனக்கு அந்த வித்தை தெரியாது.

நாளைக்கு உன் கொலை வழக்கில் என் சாட்சி. தம்பியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி ரஃபிகுலின் அண்ணன் போட்ட வழக்குக்கும் அந்த வாக்குமூலம்தான் வேண்டும் என்கிறார்கள். நேற்று அந்தப் பெட்டியை அனுப்பிய பையருக்கு அது தெரிந்தால் இதுவே கடைசிப் பெட்டியாக இருக்கும். போன வாரம் என் கார் கண்ணாடியில் கல் விழுந்தது. பதினோரு நாள் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று எதிர்த்தரப்பில் கேட்பார்களாம். "படுத்த படுக்கையா இருந்தேன்னு சொல்லீருங்க" என்று நம் பக்கத்து வக்கீல் சொல்லிக் கொடுத்தார். மண்டையை ஆட்டிவிட்டு வந்தேன். அப்படிச் சொல்லப்போவதில்லை. பயந்துகொண்டு கிடந்தேன் என்றுதான் சொல்வேன். நான் பயந்து கிடந்த நாளில் ஒரு மனிதனை நாட்டை விட்டே தள்ளினார்கள் என்று சொல்வேன். கோகிலாவும் வந்து உட்கார்ந்திருப்பாள். சட்டைகளை யார் கொடுத்தது என்று மறுபடியும் கேட்பார்கள்.

நீ என் பெயரைச் சொல்லாமல் செத்தாய். நாளைக்கு அதை நானே சொல்கிறேன்.