ஆமை முட்டைக் குழியின்மேல் நான் வைத்த முள் பற்றிய முறையீடு

அனுப்புநர்:
கோ. பலராமன் (வயது 66), விவசாயி,
மேட்டுச்சேரி கிராமம், ஒரகடம் வழி,
ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு வன விரிவாக்க அலுவலர் அவர்கள்,
செங்கற்பட்டு.

பொருள்: கடலாமைப் பாதுகாப்புக் குடும்ப விளையாட்டு – தீர்ப்பில் குறை – கடற்கரை செல்லும் வேனில் இரண்டு இடம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அறிவொளி வகுப்பில் படித்து நானே எழுதும் முதல் மனு இது. நான்கு நாளாக எழுதுகிறேன். எழுத எழுத மகிழ்ச்சியாக இருக்கிறது. எழுதும் விஷயம்தான் மகிழ்ச்சியானதல்ல.

1. சென்ற 3-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சென்னையிலிருந்து மாணவர் குழு எங்கள் ஊருக்கு வந்தது. புதுத் தொழிற்சாலைச் சுவருக்காகக் கொட்டிய மணலில் குடும்பங்களுக்கு விளையாட்டு வைத்தார்கள். ஒரு குடும்பம் தாய் ஆமையாக வந்து, குழி தோண்டி, முட்டை என்று கொடுத்த இருபது வெள்ளைப் பந்துகளைப் புதைத்து, தடத்தை அழித்துவிட்டுப் போக வேண்டும். அடுத்த குடும்பம் நாயாக வந்து தேடும். அதிக முட்டைகளைக் காப்பாற்றும் குடும்பத்துக்கு, ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க 24-ஆம் தேதி தங்கள் அலுவலகம் அனுப்பும் வேனில் இடம்.

2. நானும் என் மனைவி செங்கமலமும் முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்தோம். பிறகு நாற்றங்காலுக்குச் செய்வதுபோல், கோழி கிளறாமலிருக்க இரண்டு கருவேல முள்ளை வெட்டி மேலே வைத்தேன். ஐம்பது வருடக் கை ஐயா, தானாகப் போய்விட்டது.

3. நாயாக வந்தவர் அடுத்த வீட்டு ரத்தினம். நேராக முள்ளிடம் வந்தார். "யோவ் பலராமா, நாய்க்கு அட்ரஸ் எழுதி வெச்சிட்டுப் போயிருக்கியே!" என்று ஊரே கேட்கக் கத்தினார். இருபதும் போயிற்று.

4. அவர் முள்ளை நீக்கியது கழியால். நாய்க்குக் கழி ஏது என்று குழுவின் சுபஸ்ரீ அம்மாவிடம் ஆட்சேபித்தேன். "ஆமைக்கு மட்டும் அருவா இருக்குதா தாத்தா?" என்றார். அரிவாள் என் கையில் இருந்தது உண்மைதான். ஆனால் விதித்தாளை நானே இரண்டு முறை படித்தேன். முள் கூடாது என்று அதில் இல்லை. முட்டையை நாயிடமிருந்து காப்பாற்றவும் என்றுதான் இருக்கிறது.

5. ரத்தினம் குடும்பம் பதினேழு முட்டைகளைக் காப்பாற்றி வென்றது. பரிசாகக் கொடுத்த அட்டை ஆமை ஓடு ஒன்றை வாசற்கதவில் மாட்டியிருக்கிறார். பால் வாங்கப் போனால்கூட அதைப் பார்த்துத்தான் போக வேண்டியிருக்கிறது. அவருடைய மனைவி லூர்தம்மாள் வேளாங்கண்ணிக்குப் போய் மூன்று முறை கடலைப் பார்த்தவர். செங்கமலம் ஒரு முறையும் பார்த்ததில்லை.

6. 24-ஆம் தேதி குருத்தோலை ஞாயிறு, அவர்கள் கோயிலுக்குப் போகவேண்டிய நாள். அயலார் கடமையாக ரத்தினத்துக்கு நினைவூட்டினேன். "பூசை சாயங்காலமும் கீது, நீ கவலப்படாத" என்றார்.

7. இது பொறாமை என்கிறான் என் மகன் வசந்தகுமார். பொறாமைதான் ஐயா. ரத்தினம் கிணற்றில் முதலில் தண்ணீர் வந்தது. அவர் வீட்டில்தான் முதலில் கரண்ட் வந்தது. பொறுத்துக்கொண்டேன். ஆமையைப் பொறுக்க முடியவில்லை.

ஆகவே ஐயா, ரத்தினத்தை வேனிலிருந்து இறக்கும்படி நான் கேட்கவில்லை. அவரைத் தனியாக அனுப்ப வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். திரும்பி வந்து, ஆயிரம் குஞ்சு பார்த்தேன் என்பார். கூடப் போய் எண்ணாத நான், அவ்வளவு இல்லை என்று எப்படிச் சொல்வேன்? அதே வேனில் எங்கள் இருவருக்கும் இடம் ஒதுக்க உத்தரவிட வேண்டுகிறேன். இடம் குறைவென்றால் நான் நின்றுகொண்டே வருகிறேன். செங்கமலத்துக்கு மட்டும் ஜன்னல் ஓரம் வேண்டும்.

இடம்: மேட்டுச்சேரி
நாள்: 8-3-1991

இப்படிக்கு,
தங்கள் பதிலைத் தானே படிக்கக் காத்திருக்கும்,
கோ. பலராமன்