ஹிதாயாவுக்கு எழுதிய வீடு

2005 பெப்ரவரி 11

கச்சி முகம்மதுவிடம் வீட்டைக் கேட்டு இன்று மூன்றாம் தடவை போனேன். என் கணவர் சவூதியில் உழைத்துக் கட்டிய வீடு. அவர் மௌத்தாகி நான் தனித்துப்போன வருடம், தொண்ணூற்று நான்கில், இவருக்கு வாடகைக்குக் கொடுத்தது. நாங்கள் இருக்கிற வீடு மூத்தவளுக்கு எழுதியாகிவிட்டது. சின்னவள் ஹிதாயாவுக்கு இதுதான். பெண்ணுக்கு வீடில்லாமல் காத்தான்குடியில் எந்த மாப்பிள்ளை வருவான்?

"ராத்தா, சுனாமிக் கடல் வந்து ரெண்டு மாசமாகல்ல. மகளும் மூணு புள்ளைகளும் உடுத்த உடுப்போட வந்து இரிக்கிறாங்க. நான் எங்க போற?"

அவர் கேட்டது நியாயம்தான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அநியாயம் பேசினால் சண்டையாவது பிடிக்கலாம்.

பெப்ரவரி 21

மட்டக்களப்புக்குப் போய்ச் சட்டத்தரணி அருமைநாயகத்தைப் பார்த்தேன். வாடகைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், இனி எல்லாம் வீட்டுக்காரர் பக்கம் என்று ஊரில் பேச்சு. அவர் சிரித்தார்.

"அது புதுசா வாடகைக்குக் குடுக்கிறவங்களுக்கு அம்மா. உங்கட ஆள் பழைய ஆள். மகளுக்கு வேணுமெண்டு ஒரு வருஷ நோட்டீஸ் குடுங்க. பிறகு வழக்கு. புதுசோ பழசோ, கோட்டுக் கட்டளை இல்லாம ஆரையும் வீட்ட விட்டு எழுப்ப ஏலாது."

திருத்தினார்களாம்.

மார்ச் 3

நோட்டீஸ் பதிவுத் தபாலில் போயிற்று.

ஜூலை 18

ஹிதாயாவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை அஸ்கரின் தாய் சித்தி நபீஸா வந்திருந்தார். "வீட்டு உறுதிப் பத்திரம் புள்ளைட பேருக்கு ஆகிட்டா எங்களுக்கும் நிம்மதி" என்றார். கேட்டதும் நியாயமாகப்பட்டது. பின்னேரமே பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போய் வீட்டை ஹிதாயாவுக்கு எழுதிவிட்டேன். ஆறு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் நெஞ்சு லேசாக இருக்கிறது.

நவம்பர் 4

நோன்புப் பெருநாள். கச்சி முகம்மது வட்டிலப்பம் கொடுத்தனுப்பியிருக்கிறார். நோட்டீஸ் அனுப்பியவளுக்கு வட்டிலப்பம்! நன்றாகவே இருந்தது. அதற்கும் கோபம் வந்தது.

2006 மார்ச் 10

வருடம் முடிந்தது. அவர் எழும்பவில்லை. வழக்குப் போடலாம் என்று உறுதியையும் எடுத்துக்கொண்டு அருமைநாயகத்திடம் போனேன். அதைப் பார்த்ததும் மனிதர் தலையில் கை வைத்தார்.

"நோட்டீஸ் குடுத்தது நீங்க. வீடு இப்ப மகள்ற. அந்தப் பக்கத்து லோயர் இதையே பிடிச்சுத் தொங்குவார். மகள்ற பேரில புது நோட்டீஸ் குடுத்து, திரும்ப ஒரு வருஷம் பாக்க வேண்டியதுதான். ஏன் என்னைக் கேக்காம எழுதினீங்க?"

மகளுக்கு வீடெழுத லோயரிட்டக் கேக்கணுமா? என்ட உம்மா எழுதினா. அவட உம்மாவும் எழுதினா. ஆரைக் கேட்டாங்க? நான்தான் கெடுத்தேனா? — ஓம், நான்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஹிதாயா தேநீர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 25

புது நோட்டீஸ். அஸ்கர் கட்டாருக்குப் போகிறானாம். "வீடு கைக்கு வந்ததும் அறிவிங்க" என்று தாய் சொல்லிவிட்டார்.

2007 ஒக்டோபர் 9

வழக்குத் தவணை. நீதிபதி லீவு.

2008 மே 27

தவணை. கடையடைப்பு, பஸ் ஓடவில்லை. ஹிதாயாவுக்கு இருபத்தாறு வயது ஆகிவிட்டது. அவளோடு ஓதியவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

2009 மே 20

சண்டை முடிந்துவிட்டதாம். வீதியில் பட்டாசு. நாட்டில எத்தன வருஷச் சண்டை, அதுவும் முடிஞ்சிட்டுது. என்ட வழக்கு முடியல்ல.

பின்னேரம் சித்தி நபீஸா வந்தார். அஸ்கர் அடுத்த மாதம் வருகிறான், இனியும் காத்திருக்க மாட்டானாம். வேறு பெண் பார்த்துவிட்டார்களோ? அவர் சொன்னது வேறு: "ஹிதாயாதான் வேணுமெண்டு நிக்கிறான். வழக்கு முடியிற நேரம் முடியட்டும். வாடகைக்கெண்டாலும் ஒரு வீடு பாருங்க, நிக்காஹ்வ முடிப்பம்."

அவர் போன பிறகு அழுதேன்.

ஜூன் 14

வீடு கிடைத்துவிட்டது. இரண்டு அறை, நல்ல கிணறு. வீட்டுக்காரி முப்லிஹா, கணவனை இழந்தவள். எழுதிய காகிதமொன்றை நீட்டினாள். வீட்டை அவள் கேட்டால் ஏழு நாளில் எழும்ப வேண்டும், வழக்கு வம்பு இல்லை.

"குறை நினைக்காதீங்க ராத்தா. என்ட மகளுக்குப் பதினாறு வயசு. இது அவட வீடு."

கோட்டுக் கட்டளை இல்லாமல் அந்தக் காகிதத்தைக் காட்டி ஒருவரையும் எழுப்ப முடியாது. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். உள்ளே ஹிதாயா திரைச்சீலைக்கு ஜன்னலை அளந்துகொண்டிருந்தாள்.

பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.