டீக்கடையில் என் பாட்டு

ராயபுரம்,
11-2-1954

அன்பு உம்மாவுக்கு மீரானின் ஸலாம். மூட்டுவலி தேவலையா? நான் சுகம். ஓயாமல் கச்சேரி பாடியதில் தொண்டை புண்ணாகிவிட்டது. ஒரு மாதம் பேசவே கூடாதென்று டாக்டர் சொல்கிறார். பயப்படாதீர்கள்.

நேற்று டீக்கடையில் என் பாட்டுத்தான் கிராமபோனில் ஓடியது. 'ஒரு டீ' என்று சீட்டில் எழுதி நீட்டினேன். கடைக்காரர் என்னை ஊமையென்று நினைத்துவிட்டார்.

"பாவம் நைனா, காதாச்சும் கேக்குதா? மீரான் பாடறத கேளு. இன்னா கொரலு!" என்று ஒரு பொறை ரொட்டியைச் சும்மா தந்தார். நானும் தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்தேன்.

அதிமதுரம் கொஞ்சம் அனுப்புங்கள். உங்களுக்குக் கடிதம் எழுதித் தருபவரிடம் பதிலை நீளமாக எழுதச் சொல்லுங்கள். அறையில் பேச்சுச் சத்தமே இல்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. வாப்பா என்னைப் பற்றிக் கேட்டால் என் இசைத்தட்டைப் போட்டுவிடுங்கள். அதில் நன்றாகத்தான் பாடிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகன்,
மீரான்