பத்தாவது முயற்சி

நாள் 38, காலை 07:15

எழுதுவது ரெஜினா பர்னாந்து, கடல் உயிரியலாளர். ஆய்வுக்கூடம் கடலடியில், ஆழம் 310 மீட்டர். அழுத்தம் சரி. கரியமில வாயு மீட்டர் 0.4 சதவீதம், ஒன்றைத் தாண்டினால்தான் கவலை.

புயலுக்குப் பயந்து கப்பல் நேற்றே துறைமுகத்துக்குப் போய்விட்டது. என்னோடு இருந்த மெக்கானிக் ஆவுடையப்பன் அண்ணனும் அதில் போய்விட்டார். ஆய்வுக்காக நான் மட்டும் தங்கிவிட்டேன். அதற்கு முந்தின நாள் ஆயுதபூஜையை மட்டும் விடவில்லை மனிதர். கூடத்தைக் கழுவித் துடைத்து, கண்ணில் பட்ட கருவிக்கெல்லாம் சந்தனம், குங்குமம். கேமராவுக்கும் ஒரு பொட்டு. ஐந்து நாளில் கப்பல் திரும்பும். லேசான தலைவலி.

நாள் 39, 11:40

மேலே போகும் கூண்டை இயக்கும் கணினி செத்துவிட்டது. அதன் மென்பொருளுக்கு ஒரே பிரதி, பூட்டிய டிரைவில் இருக்கிறது. கடவுச்சொல் நான் வைத்ததுதான். எழுதிய காகிதத்தைக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருந்தேன். இப்போது கீபோர்டு பளபளக்கிறது, காகிதத்தைக் காணோம். பூஜைச் சுத்தம்! சுவரைப் பார்த்து அண்ணனைத் திட்டித் தீர்த்தேன்.

பத்து முறை தவறினால் டிரைவ் தன்னையே அழித்துக்கொள்ளும். மகள் ஜெனிலாவின் பிறந்தநாள், என் ஸ்கூட்டர் எண், வீட்டு மின் இணைப்பு எண். மூன்றும் தவறு. மீதம் ஏழு.

நாள் 40, 09:05

மீதம் நான்கு. நானே வைத்த சொல் எனக்கே வரவில்லை. மேசையில் மூன்று கோப்பை காபி ஆறிக் கிடக்கிறது, எப்போது போட்டேன் என்று தெரியவில்லை. மூச்சு வாங்குகிறது. பயமாக இருக்கிறது. மீட்டர் 0.4.

நாள் 40, 13:50

மீதம் ஒன்று. இனித் தொட மாட்டேன். மகள் சம்பந்தப்பட்ட சொல் என்பது மட்டும் நிச்சயம். அவள் பெயர் ஜெ. ஜெயா இல்லை. ஜெ.

நாள் 40, 14:05

கரையிலிருந்து தொலைபேசியில் ஆவுடையப்பன் அண்ணன்:

“அந்தக் காயிதத்த நாந்தான் கிழிச்சுப் போட்டேன், மன்னிச்சிரு தாயி. அது கெடக்கட்டும். நீ பேசுதது கொழறுது. மீட்டரு அன்னைலேருந்து அசையாம ஒரே நம்பரக் காட்டுதுன்னு சொல்லுத, அது எப்படி? அதுக்கும் சந்தனம் வச்சேன் பாத்துக்க. ஓட்டைய அடைச்சிட்டேனோ என்னமோ. போய்ப் பாரும்மா, சீக்கிரம்!”

நாள் 40, 14:25

காய்ந்த சந்தனம் மீட்டரின் வாயை முழுசாக மூடியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். எண் ஏறி 6.1ல் நின்றது. கரியமில வாயுவை உறிஞ்சும் வடிகட்டி எப்போதோ செத்திருக்கிறது. மாற்று வடிகட்டி கப்பலில்.

ஆக, நான் மறக்கவில்லை. காற்று என்னை மறக்க வைக்கிறது. நல்ல காற்றுக்குக் கூண்டு வேண்டும், கூண்டுக்குச் சொல் வேண்டும், சொல்லுக்கு நல்ல காற்று வேண்டும். ஆக்சிஜன் முகமூடி ஒன்று இருக்கிறது, இருபது நிமிடம் வரும். மாட்டிக்கொள்கிறேன். முயற்சி மீதம் ஒன்று. தொடவே இல்லை.

நாள் 40, 14:39

வந்துவிட்டது! ஜெனிலா. என் மகள் ஜெனிலா. மூன்று வயதில் முதன்முதலாகக் கடலைப் பார்த்து, “அம்மா, பெரிய அண்டா” என்றாள். அதுதான். பெரியஅண்டா, பின்னால் அவள் பிறந்தபோது இருந்த எடை கிராமில், 2750. சத்தியமாக அதுதான். அழுகை வருகிறது. போய் அடிக்கிறேன்.

நாள் 40, 14:42

திரையில் சொல்லை அடிக்கும் கட்டமே இல்லை. இரண்டு வரிதான் இருக்கிறது. டிரைவ் அழிக்கப்பட்டது. பத்தாவது முயற்சி 14:21.

இங்கே என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? அடித்த நினைவே இல்லை.

கரைக்குச் சொன்னேன். அண்ணன்: “என்ன தாயி சொல்லுத... நீ பேசிக்கிட்டே இரு, நிப்பாட்டிராத. நாங்க வந்துருதோம்.” புயல் ஓய இன்னும் இரண்டு நாள் ஆகும் என்று இருவருக்கும் தெரியும்.

முகமூடியில் நான்கு நிமிடம் இருக்கிறது. அதுவரை எனக்கு எல்லாமே நினைவிருக்கும்.