ஜானியின் ஐந்து மணி

குடை எடுக்கப் போனேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த ஜானியின் பெல்ட்டும் கயிறும் குடையோடு சேர்ந்து கையில் வந்தன. நாய்க்குட்டி வாடை இன்னும் போகவில்லை. உங்கள் சட்டையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். இது மட்டும் யார் கண்ணிலும் படவில்லை போல.

கட்டிய பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்காமல், ரிட்டயர் ஆன கையோடு அந்தக் குட்டியைத் தூக்கி வந்தீர்கள். ஒரே வாரத்தில் என் செருப்பு, துடைப்பம், தலையணை எல்லாம் போயிற்று. கத்தினேன். "அதத் திட்டாத. ஓடுற குட்டிய ஓட வுடணும், இல்லன்னா வூட்டத்தான் திங்கும்" என்றீர்கள். மறுநாளிலிருந்து விடிகாலை ஐந்து மணிக்கு இருவரும் கிளம்பிவிடுவீர்கள். வெயில் ஏறினால் தார் ரோட்டில் அதன் பாதம் பொசுங்கும் என்று ஏழுக்குள் திரும்பிவிடுவீர்கள். சாயங்காலம் மறுபடி ஒரு சுற்று. "ஒருநாள் நான் கூட்டிட்டுப் போறேங்க" என்றால், "ஒன்ன இழுத்துத் தள்ளிடும், நீ காப்பியப் போடு" என்பீர்கள். அந்தக் கயிற்றை ஒருநாளாவது என் கையில் கொடுத்தீர்களா? எனக்குக் கோபம் உங்கள் மேலும்தான்.

நீங்கள் போன மறுநாளும் ஐந்து மணிக்கு அது வாசற்கதவைப் பிறாண்டியது. கொல்லையில் கொண்டுபோய்க் கட்டினார்கள். முப்பது நாள் நான் வாசல்படி தாண்டக் கூடாது என்று உங்கள் அக்கா சொல்லிவிட்டார். வந்தவர்களுக்கு நாயை நடத்திப்போக ஏது நேரம்? நாலாம் நாள் ஊளையிட்டது. "எழவு வூட்டுல நாய் அழுவுது, இன்னொரு உசுரக் கூப்புடுது. மொதல்ல அனுப்பு" என்றார் அக்கா. அது அழவே இல்லை. நடக்கக் கூப்பிட்டது. எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பாவி. முந்திரிக்காட்டுக் காவலுக்கென்று லோடு ஆட்டோவில் ஏற்றி மீன்சுருட்டிக்கு அனுப்பிவிட்டார்கள்.

முப்பது முடிந்தும் அதைப் பார்க்கப் போகவில்லை. யார் என்ன சொல்வார்களோ என்று இரண்டு மாதம் ஓட்டினேன். இன்று கயிற்றைப் பார்த்ததும் குடையைப் போட்டுவிட்டு, அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மரத்தடியில் ஒரு முழச் சங்கிலியில் கிடந்தது. "வந்த புதுசுல ஒரே ரகளைங்க. இப்பதான் அடங்கிருக்கு. நல்ல நாயி, திருப்பிக் கேக்காதீங்க" என்றார் தோட்டக்காரர், பெருமையாக. ஒரு சுற்று நடத்தவாவது விடுங்க என்று கெஞ்சினேன். விட்டார்.

நீங்கள் பயந்ததுபோல் அது என்னை இழுத்துத் தள்ளவில்லை. இழுக்கவே இல்லை. என் நடைக்கு ஈடாக, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தது. "இழுடா, என்னத் தள்ளி வுடுடா" என்று கயிற்றை ஆட்டிப் பார்த்தேன். அது நின்று, கட்டிக் கிடந்த மரத்தைத் திரும்பிப் பார்த்தது.

அதை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்தக் கயிறு தொய்ந்து கிடந்த உணர்வு இன்னும் என் கையில் இருக்கிறது.