வெறும் ஆணியைப் பார்க்கிற குட்டி

தை (ஜனவரி) 9, வெள்ளி
காலையில் தூறல். கொடித்துணி காயவில்லை. வாங்க வேண்டியது: பாண், பால்மா, பிள்ளைக்குப் பவுடர்.

பூனைக்குட்டியை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். கண் விழிக்கிற நாளிலேயே பீளை கட்டி வலது கண் ஒட்டிப்போன குட்டி. மூன்று மாதம் அப்படியே விட்டது என் பிழை. இமையை வெட்டிப் பிரித்தார். உள்ளே கண் கண்ணாடி மாதிரி. ஒரு பழுதும் இல்லை.

வீட்டில் இறக்கி விட்டதும் சுவரைப் பார்த்து இருந்துவிட்டது. அங்கே என் கணவருடைய நீலச் சட்டை தொங்குகிற ஆணி.

அவருடைய அக்கா ரீற்றா மச்சாள் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தா.
“பார் மெர்சி, தம்பியைப் பார்க்குது.”
“சும்மா இருங்கோ மச்சாள்.”
“சும்மாவோ? உன்ர பிள்ளையும் அந்தப் பக்கந்தானே பார்க்கிறவள்.”


தை 10, சனி
தூக்கம் இல்லை. எழுதி வைக்கிறேன்.

கடலுக்குப் போன மூன்றாம் நாள் அவர் நிலாவெளியில் பிணமாகக் கரை ஒதுங்கினார். கண் திறந்தபடி. பதினெட்டு நாள் கழித்துப் பிள்ளை பிறந்தாள். அந்தக் கிழமைதான் குட்டியும். பிள்ளையின் வலது கண்மணியில் வெள்ளை, பால்துளி மாதிரி. பிறவிப் புரை, கெதியாக எடுக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிக் கண்டி ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார்கள். துண்டு பைபிளுக்குள். இரண்டு மாதம்.

வெட்ட மச்சாள் விடவில்லை. அந்தக் கண்ணால்தான் பிள்ளை தகப்பனைப் பார்க்கிறாளாம். ஆண்டுப் பூசை முடியும்வரை கண்ணையும் தொடக்கூடாது, சட்டையையும் கழற்றக்கூடாது.

மச்சாளில் மட்டும் பழி போட ஏலாது. நானும் பிள்ளையை அந்தச் சுவர்ப் பக்கமாகத்தான் கிடத்துகிறேன்.

தை 12, திங்கள்
வெயில். குட்டி முழு நாளும் ஆணியைப் பார்த்தபடி. சாப்பாட்டுக்கு மட்டும் திரும்பும். அடுத்த வளவு நாய் வாசல்வரை வந்து, அதைக் கண்டு, குரைக்காமல் போனது.

சட்டையை மணந்து பார்த்தேன். உப்பு மணம். போன கிழமையை விடக் கூடுதல்.

தை 13, செவ்வாய்
கண்ணுக்கு மருந்து போட வைத்தியரிடம். பிள்ளை மடியில், முகத்தில் சீலைத் தலைப்பு. வைத்தியர் குட்டியின் நல்ல கண்ணைப் பஞ்சால் மூடி மேசையில் விட்டார். விளிம்பு தாண்டி நேரே நடந்தது. கையில் ஏந்திப் பிடித்தார்.

“கண்ணில பிழை இல்லை அக்கா. சின்னனில அதுக்குள்ள ஒண்டும் தெரியேல்ல. மூளை அந்தக் கண்ணைக் கைவிட்டிட்டுது. மற்றக் கண் அதின்ர இடத்தையும் பிடிச்சிட்டுது.”
“இனிப் பழகாதோ?”
“பூனைக்குக் காலம் போச்சு.”
“மனிசப் பிள்ளைக்கு?”
அவர் மடியைப் பார்த்தார். “இன்னும் கொஞ்சக் காலம் இருக்கு. எண்டாலும் போற ஒவ்வொரு கிழமையும் திரும்பி வராது.”

தலைப்பை இன்னும் இழுத்து மூடினேன்.

தை 15, வியாழன்
பக்கத்து வீட்டில் பொங்கல். வெடிச்சத்தத்தில் பிள்ளை அழுதாள்.

மச்சாள் சந்தைக்குப் போன நேரம் சட்டையைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். குட்டி அசையவில்லை. வெறும் ஆணியைப் பார்த்தது.  அப்போ அது பார்க்கிறது சட்டையை இல்லை.

நல்ல கண்ணைத் துணியால் கட்டினேன். குட்டியின் தலை தொங்கிவிட்டது. ஆணிப் பக்கம் திருப்பி விட்டேன். ஜன்னல் பக்கம். குசினிப் பக்கம். எல்லாம் ஒன்றுதான் அதற்கு. விரலைக் கிட்டக் கொண்டுபோனேன். இமைக்கவில்லை. அந்தக் கண்ணில் ஒருவரும் இல்லை.

கட்டை அவிழ்த்தேன். உடனே திரும்பி ஆணியைப் பார்த்தது.

பிறகு பிள்ளையின் நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடினேன். முகத்துக்கு நேரே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கை காற்றில் தேடியது. நான் ஒரு சாண் தூரத்தில் இருக்கிறேன். என்னைத் தெரியவில்லை.

தை 16, வெள்ளி
மச்சாள் ஆணியைக் கண்டு கத்தினா. “ஆரைக் கேட்டுக் கழற்றினனீ?”
 குட்டிக்குக் கண் கட்டிக் காட்டினேன். அவிழ்த்துக் காட்டினேன். மூன்று தரம். மச்சாள் கதிரையில் இருந்துவிட்டா.

“அப்ப இவ்வளவு நாளும் பிள்ளைக்கு அவனைத் தெரியேல்லையோ?”
“அந்தக் கண்ணால என்னையே தெரியேல்ல மச்சாள். அவர் நிக்கிறார் எண்டாலும் நல்ல கண்ணாலதான் தெரியும்.”

 பிறகு கேட்டா: “கண்டி பஸ் எத்தினை மணிக்கு?”

தை 19, திங்கள்
பஸ்ஸில் எழுதுகிறேன். மு.ப. 6.15. துண்டு, கிளினிக் கொப்பி, சுடுதண்ணீர்ப் போத்தல், பிள்ளையின் நப்பித் துணி ஆறு. மச்சாளும் வந்திருக்கிறா. பிள்ளையைச் சுற்றியிருப்பது அவருடைய சட்டை. மச்சாள்தான் எடுத்து வந்தா.

படலை பூட்டும்போது குட்டி வாசலில் இருந்தது. முதல்முறை ஆணிக்கு முதுகு காட்டி. எங்களைப் பார்க்கிறது என்று நினைத்தேன். இல்லை. எனக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில். பஸ் நிற்கிற சந்திவரை நாங்கள் நடக்க நடக்க, தலையும் கூடவே திரும்பியது.

மச்சாள் ஜன்னல் பக்கம். எனக்கு மற்றப் பக்கத்து ஸீற்றில் இன்னும் ஒருவரும் வந்து இருக்கவில்லை. பஸ் நிறைய ஆள்.